கடைமடையிலிருந்து முகவரி எழுதுங்கள்: வயல் செய்தி வீட்டுக்கும் வெளியூருக்கும் போய்ச்சேர

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது மரபு. 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆற்றுத் தண்ணீர் தள்ளிப்போகும் ஆண்டுகளில் சுவாமிமலை, திருவலஞ்சுழிப் பக்கம் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் மோட்டாரை நம்பித்தான் குறுவையைத் தொடங்குகிறார்கள். மோட்டார் தண்ணீர் என்றால் கணக்குப் பார்த்துத்தான் விட வேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதற்குப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் முறை எளிமையானது. துளையிட்ட குழாயொன்றை வயலில் புதைத்து, உள்ளே தெரியும் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. உங்கள் ரகத்துக்கும் மண்ணுக்கும் இந்த அளவு பொருந்துமா என்று ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குழாய்க்குள் நீர்மட்டம் பார்க்கும் சென்சாரைப் பொருத்தி, ஈஎஸ்பி32 சில்லு வைத்த வயல் பெட்டி செய்வது சென்ற அத்தியாயத்தோடு முடிந்தது. பெட்டி அளந்ததை எந்த முகவரிக்கு, எந்த வழியாக அனுப்ப வேண்டும் என்று அமைப்பதே இந்த அத்தியாயத்தின் வேலை.

நாம் பயன்படுத்தப்போவது எம்க்யூடிடி என்னும் செய்திமுறை. 1999-ல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க இதை உருவாக்கினார்கள். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் இடத்துக்கென்றே பிறந்தது என்பதால் நம் வயலுக்கு ஒத்துவருகிறது. இதில் கருவிகள் ஒன்றோடொன்று நேராகப் பேசுவதில்லை. எல்லாச் செய்தியும் புரோக்கர் என்ற நடுநிலையத்துக்கு வரும். எந்தத் தலைப்பை யார் கேட்டிருக்கிறார்களோ அவர்களுக்கு அது போகும். நம் அமைப்பில் இரண்டு புரோக்கர்கள். ஒன்று உங்கள் வீட்டில் ராஸ்பெர்ரி பை கணினியில் ஓடும். அதற்கு மொஸ்கிட்டோ என்ற கட்டற்ற மென்பொருள் போதும். மற்றொன்று வாடகைக் கணினியில் வெளியே ஓடும். கோட்பாடாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்.

முகவரியை யார் இடத்திலிருந்து எழுதுவது?

இந்த வேலையில் கைவைப்பவர்கள் பெரும்பாலும் புரோக்கர் இருக்கும் கணினியின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, அங்கே தெரியும் முகவரியை எல்லாக் கருவியிலும் எழுதிவிடுகிறார்கள். அந்த மேசையில் எல்லாம் சரியாக ஓடும். வரப்புக்குப் போனால் ஒன்றும் வராது. ஏனென்றால் ஒரு முகவரிக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள் இல்லை. ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று வயல் பெட்டியில் எழுதினால் அது வீட்டுப் புரோக்கரைத் தேடாது, தன்னைத்தானே அழைத்துக்கொண்டிருக்கும். 192.168 என்று தொடங்கும் எண் உங்கள் வீட்டு ரவுட்டருக்குள் மட்டும் செல்லும். அதே எண் பக்கத்து வீட்டில் வேறொரு தொலைக்காட்சிப் பெட்டிக்குச் சொந்தமாக இருக்கலாம். அதனால் முகவரியை முடிவு செய்ய வேண்டிய இடம் அழைக்கும் கருவி நிற்கிற இடம். டெல்டாவில் வாய்க்கால் தூர்வாரியது சரியா என்று தலைமடையில் நின்று யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை, கடைமடைக்குத் தண்ணீர் போனதா என்றுதான் கேட்பார்கள். இங்கும் அதே அளவுகோலை வையுங்கள். கடைசியில் நிற்கிற, சிக்னல் குறைந்த, மின்சாரம் போய்ப்போய் வருகிற கருவி எந்த முகவரியை எட்டும் என்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரே விதியிலிருந்து பிறந்தவை.

படி 1: தாளில் வரையுங்கள்

கணினியைத் திறக்குமுன் ஒரு தாளில் ஒவ்வொரு கருவியையும் எழுதி, அதன் எதிரே மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். அது எந்த வலையில் நிற்கிறது? எந்தப் புரோக்கரை எட்ட முடியும்? மின்சாரம் போய் வந்தால் எது முதலில் உயிர்பெறும்? வீட்டை ஒட்டிய கொல்லை வயல் என்றால் பெட்டி வீட்டு வைஃபையில் சேரும், வீட்டுப் புரோக்கரையே அழைக்கலாம். (ஈஎஸ்பி32 பழகுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையோடு மட்டும். ரவுட்டரில் அந்த அலைவரிசை அணைக்கப்பட்டிருந்தால் பெட்டிக்கு உங்கள் வலை கண்ணுக்கே தெரியாது.) வயல் தள்ளி இருந்து, மோட்டார் கொட்டகையில் சிம் கார்டு மோடம் வைத்திருந்தால், அந்தப் பெட்டியால் வீட்டுப் புரோக்கரை எட்டவே முடியாது, வெளிப் புரோக்கரைத்தான் அழைக்க வேண்டும். லோரா வானொலி வைக்கிறீர்கள் என்றால், இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள கருவியையே வாங்குங்கள். அதற்கு வீட்டில் ஒரு ஏற்பி தேவை, முகவரி அந்த ஏற்பிக்குத்தான். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனோ மகளோ கைபேசியில் பார்க்க வேண்டுமென்றால் அவர்களுக்கும் வெளிப் புரோக்கர்தான்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். வீட்டு ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டால் வெளியிலிருந்து நேரே வீட்டுக்கே வந்துவிடலாமே, வாடகைக் கணினி எதற்கு? முதல் தடை, பல வீட்டு இணைப்புகளுக்கும் அநேகமாக எல்லா சிம் இணைப்புகளுக்கும் சொந்தமாக ஒரு பொது ஐபி4 முகவரி இல்லை. நிறுவனம் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தருகிறது. உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள், அது 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்ணில் தொடங்கினால் நீங்கள் அந்தப் பங்கில் இருக்கிறீர்கள். 2012-ல் இதற்கென்றே அந்த எண்கள் ஒதுக்கப்பட்டன. அந்த நிலையில் போர்ட்டைத் திறந்து பயனில்லை. இரண்டாவது தடை முக்கியமானது. பொது முகவரி இருந்து போர்ட் திறந்தாலும், உலகம் முழுவதிலுமிருந்து தேடித் தட்டும் நிரல்களுக்கு உங்கள் வீட்டு வலையின் கதவைக் காட்டிக்கொடுக்கிறீர்கள். வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகும் அழைப்புக்கு எந்தக் கதவும் திறக்க வேண்டியதில்லை. ஆகவே எப்போதும் உள்ளேயிருந்து வெளியே அழையுங்கள்.

ஐபி6 வந்துவிட்டதே, ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி கிடைக்கிறதே என்பார்கள். கைபேசி வலைகளில் அது பரவலாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் இணைப்பு மறுபடி எழும்போது அந்த முகவரியின் முன்பகுதி மாறக்கூடும், மறுமுனையில் இருப்பவரின் அலுவலக வைஃபையில் ஐபி6 இல்லாமலும் போகலாம். வயர்கார்டு போன்ற தனிவழி இணைப்பை வைக்கலாமே என்பவர்களின் வாதம் இதைவிட வலுவானது. இரண்டு மூன்று கைபேசிகள் வீட்டுப் புரோக்கரைப் பார்ப்பதற்கு அது நல்ல வழிதான், வைத்துக்கொள்ளுங்கள். சிம் மோடத்தோடு நிற்கும் சின்னப் பெட்டிக்கு மட்டும் அது பெரும் சுமை. அதற்காகவே வெளிப் புரோக்கர் தேவைப்படுகிறது.

படி 2: எண் வேண்டாம், பெயர் வையுங்கள்

மழைக்கால மாலையில் மின்சாரம் போய் வந்தால் ரவுட்டர் மறுபடி எழுந்து கருவிகளுக்கு எண்களைப் புதிதாகப் பங்கிடும். நேற்று 192.168.1.10 ஆக இருந்த புரோக்கர் இன்று 192.168.1.14 ஆக இருக்கலாம். பெட்டி பழைய எண்ணையே அழைத்துக்கொண்டிருக்கும். புரோக்கர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். எந்த இடத்திலும் பழுது தெரியாது. இதைத் தடுக்க ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஹெச்சிபி முன்பதிவு என்ற பகுதிக்குப் போய், ராஸ்பெர்ரி பை கணினியின் மேக் முகவரிக்கு ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்குங்கள். பைக்குள்ளேயே நிலையான எண் எழுதி வைப்பவர்களும் உண்டு. ரவுட்டர் அதே எண்ணை வேறு கருவிக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும் என்பதால் ரவுட்டரில் செய்வதே மேல். வெளிப் புரோக்கருக்கு ஒரு டொமைன் பெயர் வாங்குங்கள். வாடகைக் கணினியை நாளை வேறு நிறுவனத்துக்கு மாற்றினாலும் பெயரின் பின்னாலுள்ள எண்ணை மட்டும் மாற்றினால் போதும். சேற்றில் இறங்கி ஒவ்வொரு பெட்டியையும் திறக்க வேண்டியிருக்காது.

குறிப்பு: வீட்டு ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் பெட்டியைச் சேர்க்காதீர்கள். அதில் சேரும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி பல ரவுட்டர்கள் தடுத்து வைத்திருக்கும்.

படி 3: வீட்டுப் புரோக்கர் எங்கே காது கொடுக்கிறது?

மொஸ்கிட்டோவின் கட்டமைப்புக் கோப்பில் ‘லிசனர்’ என்ற வரிதான் புரோக்கர் எந்தப் போர்ட்டில், எந்த முகவரியில் காது கொடுக்கிறது என்று சொல்வது. (கோப்பில் இதை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும், இங்கே ஒலிப்பைத் தருகிறோம்.) 2020 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து, இந்த வரி இல்லையென்றால் மொஸ்கிட்டோ தன் கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்கும். நிறுவியவுடன் அதே கணினியில் சோதித்து ‘ஓடுகிறது’ என்று மகிழ்ந்தவர்கள், பெட்டியிலிருந்து ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று வரும்போது குழம்புவது இதனால்தான். ஆகவே ‘லிசனர்’ என்று எழுதி, இடைவெளி விட்டு 1883 என்று எழுதுங்கள்.

அதற்குப் பின்னால் பையின் ஐபி எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. குறிப்பிட்ட எண்ணில் மட்டும் காது கொடுப்பது பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம். பல வலைகளில் கால் வைத்திருக்கும் கணினிக்கு அது சரி. வீட்டிலுள்ள பைக்கு ஒரே வலைதான், அதில் இது தீங்காக முடியும். மின்வெட்டுக்குப் பின் பை எழுந்து நிற்கும்போது ரவுட்டர் இன்னும் எழுந்திருக்காது. பைக்கு எண் கிடைத்திருக்காது. தன்னிடம் இல்லாத எண்ணில் காது கொடுக்க முடியாமல் மொஸ்கிட்டோ தொடங்காமலே நின்றுவிடும். வீட்டில் இருப்பவர் பையின் விளக்கு எரிவதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைப்பார். எனவே போர்ட் எண்ணோடு நிறுத்துங்கள், தேவைப்பட்டால் தடுப்பை ஃபயர்வாலில் போடுங்கள்.

2.0 பதிப்பு கடவுச்சொல் இல்லாத அழைப்பையும் தானாக ஏற்காது. ‘அலவ் அனானிமஸ்’ என்ற வரியை ‘ட்ரூ’ என்று மாற்றச் சொல்லும் பழைய குறிப்புகளை அப்படியே எடுத்தாளாதீர்கள். என் வீட்டு வலைதானே, கடவுச்சொல் எதற்கு என்று தோன்றும். அந்த வைஃபை கடவுச்சொல் விருந்தாளிகளுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும்; நாளைக்கு அதே புரோக்கரில் மோட்டார் ஸ்டார்ட்டரும் சேரப்போகிறது. முதல் நாளிலேயே பூட்டு இருக்கட்டும்.

படி 4: ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப் பெயர், தனிச் சாவி

ஒரே பயனர்பெயரை எல்லாப் பெட்டிக்கும் கொடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பயனர்பெயர், கடவுச்சொல், கிளையன்ட் அடையாளம் மூன்றும் வேண்டும். ஒரு பெட்டிக்கு எழுதிய நிரலை அப்படியே அடுத்த பெட்டியில் ஏற்றும்போது கிளையன்ட் அடையாளத்தை மாற்ற மறப்பது மிகச் சாதாரணமான தவறு. இரண்டு கருவிகள் ஒரே அடையாளத்தோடு வந்தால் புரோக்கர் முதலில் வந்ததைத் துண்டித்துவிட்டுப் புதியதை ஏற்கும். துண்டிக்கப்பட்டது உடனே திரும்ப வந்து மற்றதைத் துரத்தும். இரண்டு வயலும் மாறி மாறி வருவதும் போவதுமாக இருந்தால் சிக்னலைக் குறை சொல்லுமுன் இதைப் பாருங்கள்.

எந்தப் பெட்டி எந்தத் தலைப்பில் எழுதலாம், எதைப் படிக்கலாம் என்று அனுமதிக் கோப்பில் வரையறுங்கள். தலைப்புகளைத் தமிழிலேயே வைக்கலாம். எம்க்யூடிடி யூனிகோடு எழுத்தை முழுதும் ஏற்கிறது. ‘வயல்/ஆற்றங்கரை/நீர்மட்டம்’ என்று இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் புரியும், இதையே பரிந்துரைக்கிறேன். ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது. ‘மோட்டார்’ என்பதிலுள்ள ‘மோ’வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். புரோக்கர் பைட் பைட்டாக ஒப்பிடுவதால் அதற்கு இரண்டும் வெவ்வேறு தலைப்பு. கணினியில் ஒரு விசைப்பலகை, கைபேசியில் வேறொன்று என்று தட்டச்சு செய்தால் செய்தி போகும், யாருக்கும் சேராது. தலைப்பை ஒருமுறை தட்டச்சு செய்து, எல்லா இடத்திலும் அதையே நகலெடுத்து ஒட்டுங்கள். அல்லது ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் வராத சொற்களாகத் தேர்ந்தெடுங்கள்.

படி 5: வெளிப் புரோக்கரும் சான்றிதழும்

வெளிப் புரோக்கரில் 1883-ஐத் திறக்கவே கூடாது. அதில் கடவுச்சொல் மறைப்பில்லாமல் போகும். மறைகுறியாக்கத்தோடு 8883 போர்ட்டை மட்டும் திறங்கள். பொதுவில் இலவசமாகக் கிடைக்கும் சோதனைப் புரோக்கர்களைப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பழகிப் பார்க்க அவை நல்லவை. அங்கே உங்கள் தலைப்பை யாரும் படிக்கலாம், யாரும் அதில் எழுதலாம். நீர்மட்டம் ரகசியமில்லை என்பது சரிதான். வேறொருவர் எழுதிய பொய் மட்டத்தை நம்பி நீங்கள் வயலைக் காயப்போட்டால் நஷ்டம் உங்களுக்கு.

லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. வழக்கமான சான்றிதழுக்கு 90 நாள்தான் ஆயுள், தானாகப் புதுப்பிக்க நிரல் உண்டு. இங்கே நான்கு இடங்களில் இடறுகிறார்கள். முதலாவது, புதுப்பித்த சான்றிதழை மொஸ்கிட்டோ தானாக எடுத்துக்கொள்ளாது. புதுப்பித்தவுடன் அதை மறுபடி படிக்கச் சொல்லும் கட்டளையையும் சேர்த்து வையுங்கள். இரண்டாவது, 2.0 பதிப்பு நிர்வாக உரிமையை விட்டிறங்கிய பிறகே சான்றிதழைப் படிக்கிறது. சாவி இருக்கும் கோப்புறைக்குள் நுழைய அதற்கு அனுமதி இருக்காது. மொஸ்கிட்டோ படிக்கக்கூடிய இடத்துக்கு நகலெடுத்து வையுங்கள். மூன்றாவது, பெட்டிக்குள் புரோக்கரின் சான்றிதழையே பதிக்காமல் அதற்கு மூலமான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 சான்றிதழைப் பதியுங்கள். அது 2035 வரை செல்லும், முன்னது சில மாதத்தில் காலாவதியாகிவிடும்.

நான்காவது தவறுக்கு மின்வெட்டுதான் காரணம். ஈஎஸ்பி32-க்குள் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் திரும்பியதும் அது 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொண்டு எழும். அந்தத் தேதியில் உங்கள் சான்றிதழ் பிறக்கவே இல்லை என்பதால், சான்றிதழின் தேதியைச் சோதிக்கும்படி அமைத்த நிரல் இணைப்பை மறுத்துவிடும். இணையத்திலிருந்து நேரம் வாங்கிய பிறகே புரோக்கரை அழைக்கும்படி நிரலில் வரிசையை வையுங்கள். இந்தப் பிழை வந்ததும் பலர் சான்றிதழ் சோதனையையே அணைத்துவிடுகிறார்கள்; முகவரியில் பெயருக்குப் பதில் எண்ணை எழுதிவிட்டு, சான்றிதழிலுள்ள பெயரோடு பொருந்தாமல் போனதற்கும் அதையே செய்கிறார்கள். சோதனையை அணைத்தால் நடுவில் நிற்கும் எவரும் உங்கள் புரோக்கராக நடிக்கலாம். பெயரை எழுதுங்கள், நேரத்தைச் சரி செய்யுங்கள், சோதனை இருக்கட்டும்.

படி 6: இரண்டு புரோக்கர்களுக்கும் நடுவே பாலம்

மொஸ்கிட்டோவில் பாலம் என்பது ஒரு புரோக்கர் இன்னொன்றைச் சாதாரணக் கருவிபோல அழைத்துச் செய்தி மாற்றிக்கொள்வது. வீட்டுப் புரோக்கரில்தான் பாலத்தை எழுத வேண்டும், வெளியே உள்ளதில் அல்ல. காரணம் படி 1-ல் சொன்னதுதான். நீர்மட்டத் தலைப்புகளை ‘வெளியே’ என்ற திசையில் மட்டும் விடுங்கள். எல்லாத் தலைப்பையும் இரு திசையிலும் விட்டுவிட்டால் ஒரே செய்தி சுற்றிச் சுற்றி வரும் ஆபத்து உண்டு. எது எங்கே பிறந்தது என்பதும் தெரியாமல் போகும்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்தபின் டெல்டாவின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லை. வெளிப் புரோக்கர் ஒன்றே போதாதா, வீட்டில் ஒன்று எதற்கு என்ற கேள்விக்கு அதுவே பதில். இணையம் அறுந்தாலும் கொல்லை வயலின் மட்டம் வீட்டுக்குள் தெரிந்தாக வேண்டும். பாலம் அறுந்த நேரத்துச் செய்திகளை வீட்டுப் புரோக்கர் வரிசையில் வைத்திருக்கும். அதற்குச் செய்தியின் தரநிலை (க்யூஓஎஸ்) 1 ஆக இருக்க வேண்டும். இயல்பாக 1,000 செய்திகள் வரை வரிசையில் நிற்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு செய்தி அனுப்பும் ஒரே பெட்டி என்றால் அது ஏறக்குறைய மூன்றரை நாள். நான்கு பெட்டி என்றால் ஒரு நாள்கூட இல்லை. அரைமணிக்கு ஒன்று என்று மாற்றுங்கள். வயல் நீர் ஐந்து நிமிடத்தில் வற்றிவிடாது. பையும் அணைந்து எழுந்தால் வரிசை அழியாமல் இருக்க, நிலைச்சேமிப்பு வரியையும் இயக்கி வையுங்கள்.

படி 7: கடைமடையில் நின்று சோதியுங்கள்

1. பைக்குள்ளேயே சோதியுங்கள். இது புரோக்கர் உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும் காட்டும்.

2. அதே வைஃபையிலுள்ள வேறொரு கணினியிலிருந்து சோதியுங்கள். லிசனர் வரி சரியா என்று தெரியும்.

3. கைபேசியில் வைஃபையை அணைத்து, சிம் இணைப்பில் மட்டும் வெளிப் புரோக்கரை அழையுங்கள். வைஃபையை அணைக்காமல் செய்த சோதனை செல்லாது.

4. மோட்டார் கொட்டகைக்குப் போய், பெட்டி நிற்கும் இடத்திலேயே, பெட்டியின் சிம்மை வைத்தே சோதியுங்கள்.

5. வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் போட்டு, யாரும் எதையும் தொடாமல் எல்லாம் தானாக இணைகிறதா என்று பாருங்கள்.

பிழைச் செய்தியைப் பொருள் தெரிந்து படித்தால் தேடும் நேரம் பாதியாகும். ‘மறுக்கப்பட்டது’ என்றால் கணினியை எட்டிவிட்டீர்கள், அந்தப் போர்ட்டில் காது கொடுப்பவர் இல்லை, லிசனரைப் பாருங்கள். ‘நேரம் கடந்தது’ என்றால் வழியே இல்லை; முகவரி தவறு, அல்லது ஃபயர்வால் விழுங்குகிறது. ‘அனுமதி இல்லை’ என்றால் முகவரியெல்லாம் சரி, கடவுச்சொல்லையோ அனுமதிக் கோப்பையோ பாருங்கள். சான்றிதழ் பிழை என்றால் பெயர் பொருந்தவில்லை, அல்லது கடிகாரம் தவறு. இந்த நான்கையும் பிரித்தறியாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்ப்பவர்கள், சரியாக இருந்ததையும் கெடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

குறிப்பு: ஒவ்வொரு பெட்டிக்கும் ‘இறுதிச் செய்தி’ அமைத்து வையுங்கள். பெட்டி சொல்லாமல் மறைந்தால், அதன் சார்பில் ‘இணைப்பில் இல்லை’ என்று புரோக்கரே அறிவிக்கும். தொடர்புக் கால அளவை (கீப் அலைவ்) 60 நொடி என வைத்தால், 90 நொடி அமைதிக்குப் பிறகு இந்த அறிவிப்பு வரும். இது இல்லாவிட்டால் மூன்று நாள் பழைய நீர்மட்டத்தை இன்றைய மட்டம் என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பாதுகாப்பு: மோட்டாருக்குப் போகும் கட்டளை

நீர்மட்டச் செய்தி தவறினால் பயிர் வாடும். மோட்டார்க் கட்டளை தவறினால் உயிர் போகும். மும்முனை மோட்டாரின் ஃபுட்வால்வையோ ஸ்டார்ட்டரையோ ஒருவர் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தொலைவிலிருந்து வரும் ஒரு சொல் அதை ஓடவைக்கக்கூடும். முகவரியையும் அனுமதியையும் இவ்வளவு கறாராக எழுதச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

எம்க்யூடிடியின் இரண்டு நல்ல வசதிகள் இங்கே ஆபத்தாக மாறுகின்றன. ஒன்று, தக்கவைப்பு. ஒரு செய்தியைத் தக்கவைக்கச் சொல்லி அனுப்பினால், அந்தத் தலைப்பைக் கேட்டுப் புதிதாக இணையும் ஒவ்வொரு கருவிக்கும் புரோக்கர் அதைத் தரும். நீர்மட்டத்துக்கு இது வசதி. ‘ஓடு’ என்ற கட்டளையைத் தக்கவைத்தால், மின்வெட்டுக்குப் பின் ஸ்டார்ட்டர் பெட்டி இணையும் ஒவ்வொரு முறையும் மோட்டார் ஓடத் தொடங்கும். இரண்டாவது, வரிசை. பெட்டி இணைப்பில் இல்லாதபோது மதியம் அனுப்பிய ‘ஓடு’, இரவு இணைப்பு வந்ததும் போய்ச்சேரும். மதியம் அனுப்பியவர் அதை மறந்தே போயிருப்பார். எனவே கட்டளைகளை ஒருபோதும் தக்கவைக்காதீர்கள். ஸ்டார்ட்டர் பெட்டி ஒவ்வொரு முறையும் பழைய வரிசையைத் துடைத்துவிட்டு இணையட்டும். கட்டளைக்குள் அனுப்பிய நேரத்தையும் எழுதி, ஒரு நிமிடத்துக்கு மேல் பழையதைப் பெட்டி தள்ளிவிடும்படி செய்யுங்கள். 2019-ல் தரமாக ஏற்கப்பட்ட எம்க்யூடிடி 5-ல் செய்திக்கே காலாவதி நேரம் குறிக்கும் வசதி இருக்கிறது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் நம்பாதீர்கள்.

வெளியூரிலிருந்து ‘நிறுத்து’ மட்டும் வரட்டும், ‘ஓடு’ வேண்டாம் என்பது என் முடிவு. அனுமதிக் கோப்பிலும் பாலத்திலும் அப்படியே எழுதுங்கள். இது வசதியைக் குறைக்கிறதே, இரவில் மும்முனை மின்சாரம் வரும்போது எழுந்து போகத்தான் வேண்டுமா என்று கேட்பார்கள். மின்சாரம் வந்ததும் மோட்டாரைத் தானாக ஓட்டும் ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் ஏற்கெனவே பழக்கத்தில் இருப்பது தெரிந்ததுதான். அவை கொட்டகைக்குள் இருக்கும் ஒருவர் கையால் இயக்கி வைத்தவை. கிணற்றடியில் யார் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. சென்னையில் கைபேசியை அழுத்துபவருக்குத் தெரிய வழியே இல்லை. கொட்டகையில் மெயின் சுவிட்சுக்குப் பூட்டு வையுங்கள். மோட்டாரைத் தொடுபவர் பூட்டிச் சாவியைத் தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது வீட்டு விதியாக இருக்கட்டும். ஸ்டார்ட்டருக்குள் கம்பி இணைக்கும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் ஒரு போகம் முழுவதும் நீர்மட்டத்தை மட்டும் அனுப்பிப் பாருங்கள். படி 7-ன் ஐந்தாவது சோதனையில், மூன்று மின்வெட்டுகளுக்குப் பிறகும் எல்லாப் பெட்டியும் தானாக இணைந்த பின்பே ‘நிறுத்து’ கட்டளைக்கான கம்பியைக் கொட்டகைக்குள் கொண்டுபோங்கள்.